புல்லில் பனி, தோலில் வியர்வை

மாமல்லபுரத்தில் உறைபனி விழுவதில்லை. மார்கழி, தை மாத விடியலில் இங்கே வெப்பநிலை இருபது, இருபத்தொரு டிகிரி செல்சியஸ் வரை இறங்கும், அவ்வளவுதான். ஆனாலும் அதிகாலை ஐந்து மணிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் நின்று பாருங்கள். பால் வாங்கப் போகிறவர் காதை மஃப்ளரால் சுற்றியிருப்பார். நடைப்பயிற்சிக்கு வந்தவர் தலையில் குரங்குக் குல்லா இருக்கும். அவர்களைக் கடந்து, கையில்லாத மெல்லிய பனியன் போட்ட இருபது பேர் வியர்க்க விறுவிறுக்க ஓடிப்போவார்கள். ஒரே சாலை, ஒரே காற்று, ஒரே நேரம். ஒருவருக்குக் குளிர்கிறது, இன்னொருவருக்கு வியர்க்கிறது, சாலையோரப் புல் நனைந்து கிடக்கிறது.

இந்த விந்தைகளை எல்லாம் ஒரே கணக்கு இணைக்கிறது. நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. அந்த ஆவி மறுபடி நீராகும்போது எடுத்துக்கொண்ட வெப்பத்தை அப்படியே திருப்பித் தருகிறது. ஒரு லிட்டர் நீருக்கு ஏறத்தாழ 580 கிலோகலோரி. ‘உள்ளுறை வெப்பம்’ என்று பள்ளியில் படித்த அதே வெப்பம்தான். புல்லில் பனி சேரும்போது இந்த வரவு புல்லுக்குக் கிடைக்கிறது. தோலில் வியர்வை உலரும்போது இந்தச் செலவை உடம்பு செய்கிறது.

முதலில் புல். பனி வானத்திலிருந்து இறங்குகிறது என்றே நெடுங்காலம் எல்லோரும் நம்பினார்கள். உண்மையில் வானத்திலிருந்து எதுவும் இறங்குவதில்லை. தரையிலிருந்துதான் ஒன்று ஏறிப் போகிறது. சூடுள்ள எந்தப் பொருளும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். பகலில் அந்த இழப்பைச் சூரியன் ஈடுகட்டிவிடுகிறது. இரவில் ஈடு இல்லை. மேகமற்ற வானம் அந்தக் கதிர்களில் ஒரு பங்கைத் தடுக்காமல் விண்வெளிக்கு அனுப்பிவிடுகிறது. தெளிந்த இரவில் ஒரு சதுர மீட்டர் நிலம் வரவுபோக ஐம்பது வாட் அளவுக்கு வெப்பத்தை இழக்கலாம். மெல்லிய புல்லிதழிடம் சேமிப்பு எதுவும் கிடையாது. அதனால் அது தன்னைச் சுற்றியுள்ள காற்றைவிடவும் சில டிகிரி அதிகமாகக் குளிர்ந்துவிடுகிறது. குளிர்ந்த இதழைத் தொடும் காற்று, தன்னிடமுள்ள ஆவியைத் தாங்க முடியாமல் நீராக இறக்கி வைக்கிறது. அதுதான் பனித்துளி.

இதைத் தெளிவாக நிறுவியவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற லண்டன் மருத்துவர். ஒரே எடையுள்ள சிறு கம்பளிப் பொதிகளை இரவில் ஒரு தோட்டத்தில் வைத்து, விடிந்ததும் எடை போட்டுப் பார்த்தார். பலகையின் மேலே வானம் பார்த்து இருந்த பொதி நன்றாக நனைந்திருந்தது. அதே பலகையின் அடியில் இருந்த பொதியில் மிகக் குறைந்த ஈரமே இருந்தது. நனைவதற்கு வானம் தெரிய வேண்டும் என்பது உறுதியானது. 1814இல் வெளிவந்த அவருடைய நூல் அதற்கு முன்பிருந்த விளக்கங்களை எல்லாம் ஓரங்கட்டியது. இங்கிலாந்தின் ராயல் சொசைட்டி அவருக்கு ரம்ஃபோர்டு பதக்கம் அளித்தது.

வெல்ஸின் சோதனையை மாமல்லபுரத்தில் ஓடிக்கொண்டே செய்து பார்க்கலாம். கிருஷ்ணனின் வெண்ணெய் உருண்டைப் பாறையைச் சுற்றியுள்ள புல்வெளியில் கால் வைத்தால் காலணி நனைந்துவிடும். பாறையைத் தொட்டால் உலர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். அதுவும் வானத்துக்கு வெப்பத்தை இழக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பெருங்கல்லின் உள்ளே பகல் முழுதும் சேர்ந்த வெப்பம் இருக்கிறது. மேற்பரப்பு இழப்பதை உள்ளிருந்து நிரப்பிக்கொண்டே இருக்கும். கடற்கரைச் சவுக்குத் தோப்புக்குள் நுழைந்தால் இன்னொரு மாற்றம் தெரியும். காற்று சற்றே வெதுவெதுப்பாகும், தரையில் பனி குறையும். மேலே உள்ள கிளைகள் வானத்தை மறைத்து, தரையிலிருந்து எழும் கதிர்களை வாங்கித் திருப்பி அனுப்புகின்றன. குரங்குக் குல்லாவும் அதே வேலையைத்தான் செய்கிறது. பனி தலையில் இறங்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் எச்சரிப்பார்களே, அதில் பாதி உண்மை இருக்கிறது. திறந்த வானத்தின் கீழ் நிற்கும் தலையிலிருந்து வெப்பம் வானத்துக்குப் போகிறது. துணி அதை மறிக்கிறது.

அப்படியானால் புல் ஏன் இன்னும் குளிர்ந்து உறைந்துவிடுவதில்லை? இங்கேதான் கடல் குறுக்கிடுகிறது. காற்றைக் குளிரவைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அதிலுள்ள ஆவி நீராகத் தொடங்கும். அந்த வெப்பநிலைக்குப் ‘பனிநிலை’ என்று பெயர். காற்றில் ஆவி அதிகமென்றால் பனிநிலையும் உயரத்தில் இருக்கும். வங்கக் கடலோரத்தில் மார்கழியிலும் அது பெரும்பாலும் இருபது டிகிரியை ஒட்டியே இருக்கிறது. புல் அந்த அளவுக்குக் குளிர்ந்ததுமே துளிகள் சேர ஆரம்பிக்கின்றன. சேரும் ஒவ்வொரு துளியும் தன் உள்ளுறை வெப்பத்தைப் புல்லுக்குக் கொடுக்கிறது. வானம் எடுத்துக்கொண்டு போவதில் ஒரு பகுதியைப் பனி திருப்பித் தந்துவிடுகிறது. குளிர்ச்சிக்கு ஒரு தடை விழுகிறது. போதாததற்கு, காற்றிலுள்ள நீராவி அகச்சிவப்புக் கதிர்களை விழுங்கி ஒரு பங்கைத் தரைக்கே திருப்பி அனுப்புகிறது. கடலோரத்து மார்கழி ஓரளவுக்கு மேல் குளிராமல் இருப்பது இந்த இரட்டைப் பாதுகாப்பால்தான்.

அந்தப் பாதுகாப்பு இல்லாத இடம் உதகமண்டலம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். ஒவ்வொரு கிலோமீட்டர் ஏறும்போதும் காற்று சராசரியாக ஆறரை டிகிரி குளிர்கிறது. எனவே மாமல்லபுரத்தின் இருபத்தொன்று அங்கே ஆறு, ஏழு டிகிரி ஆகிவிடும். மீதி வேலையை வானம் செய்கிறது. மேலே காற்று மெலிந்தது, வறண்டது. தரையின் வெப்பம் தடையின்றி வெளியேறுகிறது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் சரிவுகளில் வழிந்து பள்ளங்களில் தேங்குகிறது. தலைகுந்தா போன்ற தாழ்வான புல்வெளிகள் முதலில் வெளுப்பது அதனால்தான். அங்கே பனிநிலையே சுழியத்துக்குக் கீழே போய்விடும்போது நீராவி நீராகாமல் நேரடியாகப் பனிக்கட்டிப் படிகமாகிறது. அதுதான் உறைபனி. மாமல்லபுரத்துப் பனித்துளியும் உதகை உறைபனியும் ஒரே வானத்தின் வேலை. நடுவே நிற்பது காற்றிலுள்ள ஈரம்.

இந்த ஈரத்தின் வலிமையை வரலாறும் பதிவு செய்திருக்கிறது. அலகாபாத்தில் ஐஸ் தயாரிக்கப்பட்ட முறையை ராபர்ட் பார்க்கர் என்பவர் 1775இல் எழுதி வைத்திருக்கிறார். தரையில் அகலமான பள்ளம் வெட்டி, அதில் உலர்ந்த கரும்புத் தட்டையைப் பரப்பி, மேலே ஆழமில்லாத மண் சட்டிகளில் நீர் ஊற்றி இரவு முழுதும் திறந்த வானத்தின் கீழே வைப்பார்கள். காற்று உறைநிலைக்கு இறங்காத இரவிலும் விடியலில் சட்டிகளில் ஐஸ் இருக்கும்! அடியில் தட்டை தரைச் சூட்டை மறித்தது, மேலே வறண்ட வானம் வெப்பத்தை வாங்கிக்கொண்டது. ஈரக் காற்று வீசும் சென்னைக் கடற்கரைக்கு இந்த உத்தி எட்டவில்லை. இங்கே ஐஸ் அமெரிக்காவின் உறைந்த ஏரிகளிலிருந்து கப்பலில் வந்தது. அதைச் சேமிக்க ஃபிரெடரிக் டியூடரின் நிறுவனத்துக்காக 1842இல் எழுந்ததுதான் மெரினாவின் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம்.

கடலை விட்டு உள்ளே போனால் காட்சி மாறுகிறது. மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். தெளிந்த இரவுகளில் அந்த முப்பது கிலோமீட்டருக்குள் வெப்பநிலை இரண்டு, மூன்று டிகிரி குறைந்துவிடக்கூடும். நிலம் வேகமாகக் குளிர்கிறது, கடல் குளிர்வதே தெரிவதில்லை. ஒரே அளவு வெப்பத்தை இழந்தாலும் மண்ணைவிட நீரின் வெப்பநிலை மிகக் குறைவாகவே இறங்கும். இரவில் குளிர்ந்து கனத்த நிலத்துக் காற்று, வெதுவெதுப்பான கடலை நோக்கி மெல்ல நகர்கிறது. இதுதான் நிலக்காற்று. காலை ஐந்தரை மணிக்கு மாமல்லபுரம் நோக்கித் தெற்கே ஓடுகிறவரின் வலது கன்னத்தில் மெல்லக் குளிர் படும். சூரியன் ஏறிச் சில மணி நேரத்தில் காற்றின் திசை மாறி, இடது கன்னத்தில் உப்புக் காற்று அடிக்கும்.

செங்கல்பட்டின் கொளவாய் ஏரியை விடியற்காலை ரயிலில் கடந்தவர்கள் நீர்மேல் வெள்ளைப் புகை தவழ்வதைக் கண்டிருக்கலாம். ஏரி நீர் பகல் வெப்பத்தை இன்னும் வைத்திருக்கிறது. அதன் மேலே இருக்கும் சூடான, ஈரமான காற்றுப் படலம் கரையிலிருந்து வரும் குளிர்ந்த காற்றோடு கலக்கிறது. தனித்தனியே இரண்டும் தெளிந்த காற்றுதான். கலந்ததும் அந்தக் கலவையால் அத்தனை ஆவியையும் தாங்க முடியாமல் நுண்துளிகள் பிறக்கின்றன. ஒரு துளியின் குறுக்களவு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவே இருக்கும். குளிர் மிகுந்த காலையில் ஓட்டக்காரரின் வாயிலிருந்து மெல்லிய புகை வருவதும் இதே கலப்பினால்தான்.

இதே குளிர்ச்சி ஒலியையும் வளைக்கிறது. பகலில் தரையருகே காற்று சூடாகவும் மேலே குளிர்ந்தும் இருக்கும். மார்கழி விடியலில் அது தலைகீழாகிறது. தரையோரம் குளிர், நூறு மீட்டர் மேலே வெதுவெதுப்பு. இதை ‘வெப்பத் தலைகீழ் நிலை’ என்பார்கள். சூடான காற்றில் ஒலி வேகமாகப் போகும். எனவே மேலே கிளம்பும் ஒலி வளைந்து மறுபடி தரைக்கே வருகிறது. பகலில் பக்கத்துத் தெருவோடு நின்றுவிடும் கோயில் ஒலிபெருக்கி, விடியலில் வயல்களைத் தாண்டிச் சாலையில் ஓடுகிறவர் காதுக்குத் தெளிவாக எட்டுகிறது. போகிப் புகை மேலே போகாமல் தரையோடு படுத்துக்கொண்டு மூச்சை அடைப்பதற்கும் இந்த நிலைதான் காரணம். அன்று காலை வெளியில் ஓடாமல் இருப்பது நுரையீரலுக்கு நல்லது.

இனி ஓடுகிற உடம்பு. அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு கிலோமீட்டர் ஓட ஏறத்தாழ அறுபது கிலோகலோரி செலவாகும். மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகமென்றால் ஒரு மணி நேரத்துக்கு அறுநூறு. சும்மா நிற்பவரின் செலவைப் போலப் பத்து மடங்கு. குல்லா போட்டவருக்குக் குளிர்வதும் ஓடுகிறவருக்கு வியர்ப்பதும் இந்தப் பத்து மடங்கால்தான். அந்த ஆற்றலில் முக்கால் பங்குக்கு மேல் நேராக வெப்பமாகிவிடுகிறது; கணக்குப் போட்டால் 550 வாட் வரும். வீட்டு இஸ்திரிப் பெட்டி 750 வாட். அதில் பாதிக்கு மேற்பட்ட சூட்டை ஒவ்வொரு ஓட்டக்காரரும் உடம்புக்குள் சுமந்துகொண்டு ஓடுகிறார். இந்த வெப்பம் வெளியேற வழியே இல்லையென்றால் ஆறேழு நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் உடல் சூடாகும். அரை மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்து.

உயிரைக் காப்பாற்றுவது தோல். தசைகளில் சூடேறிய இரத்தம் தோலுக்கு விரைகிறது. இருபதிலிருந்து நாற்பது லட்சம் வரையிலான வியர்வைச் சுரப்பிகள் திறந்துகொள்கின்றன. வியர்வை வழிவதால் உடம்பு குளிர்வதில்லை, உலர்வதால்தான் குளிர்கிறது. சொட்டித் தரையில் விழுந்த துளி வீண். முழுதாக உலரும் ஒரு லிட்டர் வியர்வை 580 கிலோகலோரியைக் கொண்டுபோய்விடும். ஒரு மணி நேர ஓட்டத்தில் சேரும் வெப்பத்துக்கு முக்கால் லிட்டர் அளவே போதும். நல்ல பனி இரவில் ஒரு சதுர மீட்டர் புல்லில் கால் மில்லிமீட்டர் கனத்துக்குப் பனி படிகிறது என்று வைத்துக்கொண்டால், மூன்று சதுர மீட்டர் புல்வெளி அந்த இரவில் பெற்ற வெப்பமும், ஓட்டக்காரர் ஒரு மணி நேரத்தில் வியர்வை வழியே இழந்த வெப்பமும் சமம். வரவும் செலவும் ஒரே நாணயத்தில் நடக்கின்றன.

ஆனால் மார்கழிக் காலையில் ஈரப்பதம் 95 சதவீதம் என்று செல்போன் காட்டுகிறதே, அந்த ஈரக் காற்றில் வியர்வை எப்படி உலரும்? நியாயமான சந்தேகம். விடை சதவீதத்துக்குள் ஒளிந்திருக்கிறது. அந்தக் காற்று அதன் வெப்பநிலையில் தாங்கக்கூடிய ஆவியில் எத்தனை பங்கு நிரம்பியிருக்கிறது என்பதை மட்டும்தான் அது சொல்கிறது. குளிர்ந்த காற்றின் கொள்ளளவே சிறியது. 21 டிகிரியில் 95 சதவீத ஈரப்பதம் உள்ள ஒரு கன மீட்டர் காற்றில் 17 கிராம் நீராவி இருக்கும். மே மாதப் பிற்பகலில், 37 டிகிரியில், ஈரப்பதம் 50 சதவீதமே என்றாலும் அதே ஒரு கன மீட்டரில் 22 கிராம் இருக்கும். உலர்ந்ததாகத் தோன்றும் மே காற்றில்தான் நீர் அதிகம்!

வியர்த்த தோல் இந்த வேறுபாட்டை உடனே உணர்கிறது. 33 டிகிரியில் இருக்கும் ஈரத் தோலை ஒட்டிய காற்றில் ஒரு கன மீட்டருக்கு 36 கிராம் ஆவி நிறைந்திருக்கும். வெளிக்காற்றில் எவ்வளவு குறைவோ அவ்வளவு வேகமாக அது வெளியேறும். மார்கழியில் வெளியே 17, இடைவெளி 19. மே மாத விடியலில் பனிநிலை 26 டிகிரியாக இருந்தால் வெளியே 24. இடைவெளி வெறும் 12. மார்கழிக் காற்று வியர்வையை ஒன்றரை மடங்குக்கு மேல் உறிஞ்சுகிறது. அதோடு தோலைவிடப் பன்னிரண்டு டிகிரி குளிர்ந்த காற்று, ஓட்ட வேகத்தில் உடம்பைத் தழுவி நேரடியாகவும் வெப்பத்தைக் கொண்டுபோகிறது. மே மாத நண்பகலில் காற்றே தோலைவிடச் சூடு; அது உடம்புக்கு வெப்பத்தைச் சேர்க்கும்.

சாலையில் வடநெம்மேலி வரும்போது, 1976இல் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய முதலைப் பண்ணை. அதன் சுவருக்கு அந்தப் பக்கம் நேர் எதிரான வாழ்க்கை நடக்கிறது. முதலைக்கு உள்ளிருந்து சூடாகத் தெரியாது. குளிர்ந்த காலையில் வெயில் ஏறும்வரை காத்திருந்து, கரையேறிப் படுத்து உடம்பைச் சூடாக்கிக்கொள்கிறது. பரிசாக அதற்கு உணவு மிகக் குறைவாகவே போதும். பெரிய முதலை மாதக்கணக்கில் பட்டினி கிடக்கவும் வல்லது. சுவருக்கு இந்தப் பக்கம் ஓடுகிறவர் வெயிலை எதிர்பார்க்கத் தேவையில்லை. விலையாக நாள்தோறும் மூன்று வேளை சாப்பிட்டாக வேண்டும், ஓடும்போது சேரும் சூட்டை வெளியே தள்ள வேண்டும்.

எந்த வெப்பநிலையில் மனிதர் மிக நன்றாக ஓடுகிறார்? பாரிஸ், லண்டன், பெர்லின், பாஸ்டன், சிகாகோ, நியூயார்க் மராத்தான்களின் பத்தாண்டு முடிவுகளை ஆராய்ந்து 2012இல் வெளியான ஆய்வு, ஓட்டக்காரரின் திறனைப் பொறுத்து நான்கிலிருந்து பத்து டிகிரி வரை என்கிறது. 2019 அக்டோபரில் எலியூட் கிப்சோகே வியன்னாவில் 42.2 கிலோமீட்டரை 1 மணி 59 நிமிடம் 40 நொடியில் ஓடிய காலையும் பத்து டிகிரியை ஒட்டிய குளிர்தான். நம் கடற்கரையின் மிகக் குளிர்ந்த விடியல்கூட அதைவிடப் பத்து டிகிரி சூடு. சென்னை மராத்தான் ஜனவரியில், இருள் பிரியும் முன்பே தொடங்குவதன் காரணம் இப்போது புரியும். ஆண்டின் குளிர்ந்த வாரங்களில், நாளின் குளிர்ந்த மணி நேரங்களைப் பிடிக்கும் முயற்சி அது.

இன்னொரு உதவி குழுவிடமிருந்தே கிடைக்கிறது. சென்னை ரன்னர்ஸ் போன்ற குழுக்களில் ஞாயிறு ‘லாங் ரன்’னுக்கு வருகிறவர்கள் தனியே முடியாத தூரத்தைச் சேர்ந்து ஓடினால் முடிக்க முடிகிறது என்பார்கள். ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் துடுப்பு வீரர்களிடம் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது. ஒரே அளவு உழைப்பைத் தனியாகச் செய்தபின் இருந்ததைவிட, ஒத்த தாளத்தில் சேர்ந்து செய்தபின் அவர்களின் வலி தாங்கும் அளவு கூடியிருந்தது. மூளையில் சுரக்கும் எண்டார்ஃபின் என்ற வலிநீக்கிப் பொருள் அதற்குக் காரணமாகலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். இருளில் இருபது ஜோடிக் கால்கள் ஒரே தாளத்துக்கு வந்து சேர்வதற்குப் பின்னால் உடலியலும் இருக்கிறது.

மார்கழி முடிவில் சூரியன் ஆறரை மணியளவில் கடலிலிருந்து எழுகிறது. குளிர் உச்சத்தில் இருப்பது நள்ளிரவில் அல்ல, ஏறத்தாழ அந்த நேரத்தில். இரவு முழுதும் இழந்துகொண்டே வந்த நிலம் அப்போதுதான் மீண்டும் வரவு வைக்கத் தொடங்குகிறது. இரவில் புல்லுக்குக் கொடுத்த உள்ளுறை வெப்பத்தை வெயிலிடம் வாங்கிப் பனித்துளிகள் மறுபடி காற்றில் ஏறுகின்றன. எட்டு மணிக்குள் புல் உலர்ந்துவிடும், காற்று வேறு காற்றாகிவிடும்.

ஆகவே ஓடப் போகுமுன் வானிலைச் செயலியில் வெப்பநிலையோடு பனிநிலையையும் பாருங்கள். அது 20க்குக் கீழே இருந்தால் வேகப் பயிற்சிக்கு ஏற்ற நாள். 24ஐத் தாண்டினால் வேகத்தைக் குறைத்து, நீர் அதிகம் குடித்து, நிழலில் நின்று நின்று ஓடுங்கள். தலைசுற்றினால் உடனே நிறுத்திவிடுங்கள். புதிதாக ஓடத் தொடங்குகிறவர்களுக்கு மார்கழியும் தையும்தான் மிகக் கருணையான மாதங்கள். மெல்ல மெல்லச் சூடு ஏறும் காற்றில் தொடர்ந்து ஓடினால், பத்துப் பதினான்கு நாட்களிலேயே இரத்த நீர்மம் பெருகி, வியர்வை முன்னதாகச் சுரந்து, அதில் உப்பும் குறையும். உடம்பு தானாகக் கற்றுக்கொள்ளும் பாடம் இது. கால்களுக்கும் இதயத்துக்குமான பாடத்தைப் பனிக்காலத்திலேயே தொடங்கியவர்களுக்கு, கோடை வரும்போது வெப்பம் என்ற ஒரே பாடம்தான் மிச்சமிருக்கும்.